36 எதிரிகள், ஒரே சண்டை: பழைய ஆர்.பி.ஜி.க்களிலிருந்து எதை எடுத்துக்கொள்வது?

பெரம்பூர்_லோகோ

வணக்கம். ஓய்வு நேரத்தில், முறை வைத்து ஆடும் ஒரு சிறிய ஆர்.பி.ஜி. (பாத்திரமேற்று ஆடும் கணினி ஆட்டம்) எழுதிவருகிறேன். களம் நம் வடசென்னைதான், 18ஆம் நூற்றாண்டுக் கருப்பர் நகரம். 1769இல் ஹைதர் அலி சென்னையின் வாசல்வரை வந்து ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போன காலம். அந்தப் பயத்தில் எழுந்த மதிலின் மிச்சம்தான் பழைய ஜெயில் சாலை மாடிப்பூங்கா. அந்த மதிலின் ('வால்') பெயரைத்தான் வால்டாக்ஸ் சாலை இன்றும் சுமக்கிறது. மதிலுக்கு உள்ளே சந்துகள், கூரை வீடுகள், இரவில் பேய்கள்.

எதிரிகள் பட்டியல் 36 வந்துவிட்டது. காட்டேரி, இரத்தக் காட்டேரி, கொள்ளிவாய்ப் பிசாசு, மோகினி, குட்டிச்சாத்தான், முனி, மூன்று நிறங்களில் பூதம், வழிப்பறிக்காரர்கள், இன்னும் பல. ஒவ்வொன்றுக்கும் உயிர்ப்புள்ளி வேறு, அடியின் வலு வேறு, கவசம் வேறு, படமும் தனித்தனியாக வரைந்தாயிற்று. ஆனால் சோதித்துப் பார்த்த என் தங்கை மூன்றாவது சண்டையிலேயே அலைபேசியைக் கையில் எடுத்துவிட்டாள். "எல்லாம் வருகிறது, அடிக்கிறது, சாகிறது" என்றாள். இன்னும் பத்து வகை சேர்த்தால் சரியாகுமா?

வியாசை_விங்கர்

சேர்த்துவிடுங்கள் அண்ணா. பால்டர்ஸ் கேட் ஆர்.பி.ஜி.யின் இரண்டாம் பாகத்தில் எத்தனை வகை அரக்கர்கள்! வாம்பயர், பிஹோல்டர், மைண்ட் ஃபிளேயர், லிச், டிராகன், மந்திரத்தால் நடமாடும் சிலைகளான கோலம்களில் (golem) மட்டுமே களிமண், கல், இரும்பு என்று தனித்தனி. அது சலிக்கவே இல்லை. 36 போதாது.

கல்மண்டபம்

தம்பி, ஒன்றுகூடச் சேர்க்க வேண்டாம். முதலில் இருப்பதில் பாதியை வெட்டுங்கள்.

1988இல் எஸ்.எஸ்.ஐ. நிறுவனம் வெளியிட்ட 'பூல் ஆஃப் ரேடியன்ஸ்' ஆடியிருக்கிறீர்களா? அவர்களின் 'கோல்ட் பாக்ஸ்' ஆர்.பி.ஜி. வரிசையின் முதல் ஆட்டம். இன்று திறந்தால் படம் கண்ணை உறுத்தும். வரைபடங்கள் 16க்கு 16 கட்டம். கணக்கு நோட்டில் நானே வரைந்துகொண்டுதான் நகர்ந்தேன். சண்டையின் நடுவில் சேமிக்க முடியாது, மின்சாரம் போனால் முதலிலிருந்துதான். எங்கள் தெருவில் அது எத்தனை முறை போகும் என்பது தண்டையார்பேட்டைக்காரர்களுக்கே தெரியும்.

அதில் ஃபிலான் நகரத்தின் சேரிப் பகுதியில், ஆட்டம் தொடங்கிச் சிறிது நேரத்திலேயே ட்ரோல்கள் என்ற முரட்டு அரக்கர்கள் வந்துவிடும். ஒரு முறைக்கு மூன்று அடி. கோபோல்டு, கோப்ளின் என்ற குட்டி அரக்கர்களை மூட்டையாய்ச் சாய்த்த தூக்க மந்திரம் அவற்றின் மேல் செல்லாது. கொன்றாலும் சாகாது, சில சுற்றுகள் கழித்து எழுந்து நிற்கும். தடுக்க வேண்டுமானால், விழுந்த ட்ரோலின் கட்டத்தின் மேல் உங்கள் ஆள் ஒருவர் ஏறி நிற்க வேண்டும்.

இதை ஒரு முறை மனத்தில் ஓட்டிப் பாருங்கள். ஆறு பேர் குழு. முன்னால் மூன்று வீரர்கள் சுவரோடு சுவராக வரிசை கட்டி நிற்கிறார்கள், பின்னால் மந்திரவாதி. முதல் ட்ரோல் விழுகிறது, நடு வீரனுக்கு இரண்டு கட்டம் முன்னால். அவன் போய் அதன் மேல் நின்றால் வரிசையில் ஓட்டை. ஓட்டை வழியாக அடுத்த ட்ரோல் நுழைந்தால் மந்திரவாதி பக்கத்தில் நிற்கும். மந்திரம் சொல்லி முடிப்பதற்குள் அடி பட்டால் மந்திரம் வீண். வில்லாளியின் பக்கத்தில் எதிரி வந்துவிட்டால் வில்லும் பயன்படாது. சரி, பின்வாங்கலாம் என்றால், ஒட்டி நிற்கும் எதிரியை விட்டு நகர்பவருக்கு முதுகில் ஓர் இலவச அடி. போகாவிட்டால் செத்த ட்ரோல் எழுந்துவிடும். ஒரே ஒரு விதிதான். அதிலிருந்து எத்தனை தலைவலி கிளம்புகிறது பாருங்கள்.

அதே ஆட்டத்தில் கோபோல்டு கொசு மாதிரி. ஆனால் கூட்டமாக வரும். போர்வீரன் ஒரே முறையில் பல கோபோல்டுகளை வீசி வெட்டலாம், மந்திரவாதியால் அது முடியாது. ஆகவே அங்கே வீரன் கூட்டத்தின் நடுவே இறங்க வேண்டும். ட்ரோலுக்கு வரிசை கட்டு, கோபோல்டுக்கு வரிசையை உடை. இரண்டே வகை, நேர் எதிரான இரண்டு ஆட்டம். உங்கள் இரத்தக் காட்டேரிக்கும் சாதாக் காட்டேரிக்கும் உயிர்ப்புள்ளியைத் தவிர என்ன வித்தியாசம்?

பெரம்பூர்_லோகோ

நிறம்.

கல்மண்டபம்

அதைத்தான் சொன்னேன்.

மின்ட்_முனை

கல்மண்டபம் ஐயா எந்த இழையைத் திறந்தாலும் 1988க்குப் போய்விடுவார். எனக்கு மறுப்பு உண்டு.

கோல்ட் பாக்ஸில் நல்ல சண்டை ஒன்றுக்கு வெறும் சண்டை ஒன்பது. அதே ஓர்க் கூட்டம், அதே நடை, ஒவ்வொருவரையும் கட்டம் கட்டமாய் நகர்த்தி மாளாது. பால்டர்ஸ் கேட் (1998) ஓடவிட்டு நிறுத்தி ஆடும் முறையைக் கொண்டுவந்தபோது எனக்கு மூச்சு வந்தது. சில்லறைச் சண்டை அரை நிமிடத்தில் முடியும். பெரிய சண்டையில் ஒவ்வொரு நொடியும் நிறுத்தி யோசிக்கலாம்.

வியூகம் என்றால் 2000இல் வந்த இரண்டாம் பாகத்தின் மந்திரவாதிச் சண்டைக்கு ஈடு நான் பார்த்ததில்லை. எதிரி மந்திரவாதி கண்ணில் பட்டவுடன் தன்னைச் சுற்றிச் சுவர் எழுப்பிக்கொள்கிறான். முதலில் தன் உருவத்தையே பலவாக்கும் மிரர் இமேஜ். எது அசல் என்று தெரியாமல் நம் வாள் காற்றை வெட்டும். உள்ளே ஸ்டோன்ஸ்கின், அடிகளை ஒவ்வொன்றாக விழுங்கும். அதற்கும் மேல் மந்திர ஆயுதம் எதுவும் தொடாத காப்பு. ட்ரூ சைட் போட்டுப் போலி உருவங்களைக் கலைக்க வேண்டும், பிரீச் போட்டு மற்ற இரண்டையும் உரிக்க வேண்டும். பிரீச் கைவசம் இல்லையா? மந்திர ஆயுதக் காப்பு நான்கு சுற்றுதான். கதவைத் தாண்டி ஓடி ஒளிந்து நேரம் கடத்தலாம். அல்லது பையில் கிடக்கும் சாதாரண இரும்பு வாளை எடுத்து வெட்டலாம், அந்தக் காப்பு மந்திரமில்லாத ஆயுதத்தைத் தடுக்காது. ஆட்டம் முழுக்கச் சேர்த்த மந்திர வாளைக் கீழே வைத்துவிட்டுத் துருவாளை எடுக்கவைக்கும் சண்டை வேறு எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

கல்மண்டபம்

மந்திரவாதிச் சண்டை அருமை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் பால்டர்ஸ் கேட் இரண்டில் ட்ரோல் என்ன செய்கிறது? விழும், தீ அல்லது அமிலம் பட்டால் சாகும், இல்லாவிட்டால் எழும். தீ அம்பு ஒரு கட்டு வாங்கி வைத்திருந்தால் அதோடு முடிந்தது. எங்கே நிற்கிறேன், யார் யாருக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று யோசிக்கவே வேண்டாம். கண்களால் கதிர் வீசும் பிஹோல்டர் வந்தால் பால்டுரான் கேடயத்தை மாட்டிக்கொள், அதன் கதிர் அதற்கே திரும்பும். களிமண் கோலம் வந்தால் தண்டாயுதத்தை எடு. பூட்டுக்குச் சாவி தேடும் வேலை இது. சாவி கிடைத்தபின் சண்டை இல்லை, சடங்குதான்.

ஒரே ட்ரோல்தான். 1988இல் அது இடத்தைப் பற்றிய கேள்வி. 2000இல் பையில் என்ன வைத்திருக்கிறாய் என்ற கேள்வி.

எண்ணூர்க்_கழிமுகம்

இரண்டு பேரும் பாதிப் பாதி சரி. சாவி மலிவாக இருந்தால்தான் சடங்கு. தீ அம்பு மலிவு, அதனால் ட்ரோல் சப்பென்று போகிறது. மைண்ட் ஃபிளேயரைப் பாருங்கள். ஒவ்வோர் அடியிலும் அறிவுப்புள்ளியை உறிஞ்சும். பூஜ்யத்துக்குப் போனால், உயிர்ப்புள்ளி நூறு மிச்சம் இருந்தாலும் ஆள் காலி. அதுவரை முன்வரிசையில் மார்தட்டி நின்ற முரட்டு வீரன்தான் முதலில் சாகிறான், ஏனென்றால் அவனுக்குத்தான் அறிவுப்புள்ளி குறைவு. குழுவின் வரிசையே தலைகீழாகிறது. அதைப் பூட்டு சாவி என்று தள்ளிவிட முடியாது.

யாரும் இதுவரை தரையைப் பற்றிப் பேசவில்லை. பால்டர்ஸ் கேட் முதல் பாகத்தில் கோபோல்டு கமாண்டோ தீ அம்பு எய்யும். திறந்த வெளியில் அது ஒரு பொருட்டே இல்லை. ஃபயர்வைன் இடிபாடுகளின் ஒற்றையடிச் சுரங்கப் பாதைகளில் அதே கோபோல்டு என்னை அழவைத்தது. முன்னால் ஒருவர் நின்றால் பின்னால் ஐந்து பேர் வெறுமனே வேடிக்கை பார்க்கலாம். வழி தெரியாமல் நம் ஆட்களே ஒருவரையொருவர் முட்டிக்கொண்டு சுற்றுவார்கள். கமாண்டோ தூரத்தில் நின்று நிதானமாக எய்வான். ஆத்திரத்தில் மின்னல் மந்திரத்தைப் போட்டால் அது சுவரில் பட்டுத் திரும்பி நம்மையே பொசுக்கும். (வழி கண்டுபிடிக்கும் நிரல் மோசமாக இருந்ததும் காரணம்தான். அதை வியூகம் என்று நான் பாராட்ட மாட்டேன்.)

லோகோ தம்பி, உங்கள் களம் முழுக்கச் சந்து. அதை விட்டுவிட்டுப் பூதத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருக்கிறீர்கள்.

வியாசை_விங்கர்

ஃபால்அவுட் (1997) பற்றியும் சொல்லலாமா? எனக்கு உயிர். ஆனால் எதிரி வகை அங்கே எனக்குப் பலன் தரவில்லை. தேள் வந்தாலும், சூப்பர் மியூட்டன்ட் வந்தாலும், டெத்கிளா வந்தாலும் துப்பாக்கித் திறன் ஏறியபின் நான் செய்தது ஒன்றே: கண்ணைக் குறிவைத்துச் சுடு. உண்மையில் பயந்த ஒரே எதிரி, பின்னால் தானியங்கித் துப்பாக்கியோடு நின்ற என் சொந்தக் கூட்டாளி.

எண்ணூர்க்_கழிமுகம்

பட்டியலை வெட்டச் சொல்வதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். எதிரி எத்தனை வேடம் போட்டு வந்தாலும் ஆடுபவரிடம் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து இருந்தால் வேடம் வீண். கவனிக்க வேண்டியது ஆடுபவரின் கை. ஒவ்வொரு சண்டையிலும் அது வேறு பொத்தானுக்குப் போகிறதா?

2003இல் ட்ரோய்கா செய்த 'டெம்பிள் ஆஃப் எலிமென்டல் ஈவில்' இந்த ஒன்றை நன்றாகச் செய்தது. கதை சவசவ, வந்த புதிதில் பிழைகள் மொய்த்தன. ஆனால் சண்டை! தொடக்கத்திலேயே பாழடைந்த கோட்டை வாசலில் ராட்சதத் தவளைகள். தவளைதானே என்று போனால் குழுவில் ஒருவரை விழுங்கிவிடும். வயிற்றுக்குள் இருப்பவர் சாவதற்குள் தவளையைக் கொல்ல வேண்டும். நீண்ட ஈட்டிக்காரர் சற்றுத் தள்ளி நின்றே குத்தலாம். எதிரி நெருங்கி வரும்போதே ஓர் அடி விழும். அதே ஈட்டியை எதிராளி பிடித்திருந்தால் நாம் கொஞ்சம் நகர்வதற்கே கணக்குப் போட வேண்டும். மனிதன், ஈட்டி, அவ்வளவுதான். புது அரக்கன் தேவைப்படவில்லை.

சௌகார்பேட்டை_சந்து

படமும் பெயரும் வீண் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டீர்கள் போலிருக்கிறது. நான் ஏற்கவில்லை.

1981இல் வந்த 'விசார்ட்ரி' ஆட்டத்தில் எதிரி எதிரே நிற்கும்போதும் பெயர் சொல்ல மாட்டார்கள். "அங்கி அணிந்த ஆள்" என்று மட்டும் காட்டும். அடையாளம் தெரிந்தபின்தான் உண்மைப் பெயர் வரும். அங்கிக்குள் இருப்பது அரைகுறை மந்திரவாதியா, குழுவையே எரிக்கக்கூடியவனா? தெரியாமலே முதல் முறையின் மந்திரத்தைச் செலவழிக்க வேண்டும். அங்கே கட்டமே கிடையாது. முன்னால் மூவர், பின்னால் மூவர், அவ்வளவுதான் வியூகம். ஆனாலும் கை நடுங்கும். முயல் மாதிரி ஒன்று வந்து ஒரே கடியில் தலையைத் துண்டித்துவிடும். குழு முழுவதும் செத்தால் பிணங்கள் சுரங்கத்திலேயே கிடக்கும். புதுக் குழு ஒன்றை உருவாக்கி இறங்கித்தான் மீட்க வேண்டும். எதிரி யாரென்ற சந்தேகமும் வியூகத்தில் சேர்த்திதான். லோகோவின் இருட்டுச் சந்துக்கு இது கச்சிதமாகப் பொருந்தும்: தூரத்தில் ஒரு வெளிச்சம் தெரிகிறது. லாந்தர் பிடித்த காவலாளா, கொள்ளிவாய்ப் பிசாசா?

மின்ட்_முனை

ஆகா. இதற்காகவே அந்த ஆட்டத்தை வாங்குவேன்.

கல்மண்டபம்

சந்து சொல்வதை மறுக்க முடியவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை: சந்தேகம் வர வேண்டுமானால் இரண்டுக்கும் செய்யும் வேலை வேறாக இருக்க வேண்டும். காவலாளும் பிசாசும் வந்து அடிக்க மட்டுமே செய்தால் யாராக இருந்தால் என்ன?

இன்னொன்று, கலந்து விடுங்கள். கேரம் பலகையில் காய்கள் எப்போதும் அதேதான், விழும் இடம்தான் ஆட்டத்தை மாற்றுகிறது. கோல்ட் பாக்ஸில் வெறும் வில்லாளிகள் வந்தால் ஓடிப்போய் ஒட்டிக்கொள்வேன். வெறும் வாள்காரர்கள் வந்தால் வாசலில் நின்று அடைத்துக்கொள்வேன். முன்னால் வாள், பின்னால் வில், ஓரத்தில் ஒரு கிளெரிக் (மந்திரம் போடும் பூசாரி) என்று வந்தால்தான் வம்பு. நம் ஆளை அந்தக் கிளெரிக் ஹோல்ட் பர்சன் போட்டுச் சிலையாக்கிவிட்டால், பக்கத்தில் இருப்பவன் ஒரே அடியில் முடித்துவிடுவான். எனவே முதலில் அவனைத்தான் தொட வேண்டும். ஆனால் அவனிடம் போக வழியில்லை. மூன்று வகையும் அடிமட்ட மனிதர்கள்தான்.

பெரம்பூர்_லோகோ

நேற்றிரவு உட்கார்ந்து வெட்டினேன். 36 இப்போது 6. வரைந்த படங்களைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. தனிக் கோப்பில் கிடக்கட்டும்.

வழிப்பறிக்காரன்: வாள் அல்லது வில். விசேஷம் எதுவும் இல்லை. ஆடுபவர் விதிகளைக் கற்றுக்கொள்ள இவன் வேண்டும்.

காட்டேரி: விழுந்துகிடக்கும் ஆளின் கட்டத்தைத் தேடிப் போகும். அங்கே ஒரு முறை முழுக்க நின்றால் முழு வலுவும் திரும்பும். விழுந்தது அதன் ஆளா நம் ஆளா என்று பார்க்காது.

கொள்ளிவாய்ப் பிசாசு: நேர்கோட்டில் மட்டும் நடக்கும். நடந்த கட்டங்கள் இரண்டு முறை எரியும். பக்கத்தில் கூரை வீடு இருந்தால் அதுவும் பற்றிக்கொள்ளும். தூரத்திலிருந்து பார்த்தால் லாந்தர் மாதிரிதான் தெரியும் (சந்துவுக்கு நன்றி).

குட்டிச்சாத்தான்: கூரை மேல் இருந்து கல்லெறியும், இறங்காது. வலி குறைவுதான், ஆனால் மந்திரம் சொல்பவரைக் குறிவைக்கும். ஒருவர் ஏறித்தான் துரத்த வேண்டும்.

பூதம்: சந்தின் அகலம் முழுவதையும் அடைத்துக்கொள்ளும். கொன்றால் உடல் அங்கேயே கிடந்து வழியை மறிக்கும். எந்த இடத்தில் வைத்துக் கொல்வது என்று யோசிக்க வேண்டிவரும்.

மோகினி: அடிக்க மாட்டாள். நேர்ப்பார்வையில் படுபவர் ஒவ்வொரு முறையும் ஒரு கட்டம் அவளை நோக்கி நடப்பார். இடையில் வேறொருவர் நின்று மறைத்தால் விடுபடுவார்.

முனியை என்ன செய்வதென்று தெரியவில்லை.

எண்ணூர்க்_கழிமுகம்

முனியை எடுத்துவிடுங்கள். எங்கள் தெருமுனையில் கோயிலே இருக்கிறது. காவல் தெய்வத்தைக் கொன்றால் அனுபவப்புள்ளி தருவீர்களா? வேண்டுமானால் ஓர் எல்லைக் கல்லாக வையுங்கள். அதை ஒட்டிய கட்டங்களில் பேய் கால் வைக்காது என்றால் களத்துக்கே ஒரு புது வடிவம் வரும்.

பூதத்தின் உடல் வழியை மறிப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. காட்டேரி அதன் மேல் ஏறி நின்றால்?

பெரம்பூர்_லோகோ

எல்லைக் கல் உடனே சேர்கிறது. பூதத்தின் மேல் காட்டேரி நின்றால் வலு திரும்பும், வழியும் அடைத்தே இருக்கும். அம்பால்தான் தொட முடியும்.

மின்ட்_முனை

கொடூரம். வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வழிப்பறிக்காரனோடு மட்டும் நடக்கும் சண்டைகளை வேகமாக ஓட்ட ஒரு பொத்தான் வையுங்கள், கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

சௌகார்பேட்டை_சந்து

மோகினி விதியில் ஓட்டை இருக்கிறது. எங்கள் பக்கத்துச் சந்து ஒரு கட்டம் அகலம் என்று வைத்துக்கொள்வோம். முன்னால் வீரன், பின்னால் மந்திரவாதி. மறைக்க வந்து நிற்கும் வீரன் அவளுடைய நேர்ப்பார்வையில்தானே நிற்கிறான்? அவன் நடந்து போய்விட்டால் மந்திரவாதியை மறைப்பவர் யார்? அவனுக்கும் அவளுக்கும் நடுவில் எரியும் கட்டம் இருந்தால் தீக்குள் நடப்பானா?

பெரம்பூர்_லோகோ

தீக்குள் நடப்பான், அதற்காகத்தான் பிசாசையும் மோகினியையும் ஒரே தெருவில் விட்டேன். மறைப்பவனும் இழுக்கப்படுவான்; ஆகவே முறைக்கு ஒருவராக மாறி மாறி மறைக்க வேண்டும். நீங்கள் கேட்கும் ஒற்றைக் கட்டச் சந்தில் இருவரையும் ஒரே நேரத்தில் இழுத்தால் நிரல் சுற்றிக்கொண்டே நின்றுவிடுகிறது. யார் முதலில் நகர்வது என்று அதற்குத் தெரியவில்லை.

கல்மண்டபம்

அவளுக்கு அருகில் இருப்பவர் முதலில் நகரட்டும். வழி அடைத்திருந்தால் பின்னால் இருப்பவர் முன்னால் நிற்பவரை ஒரு கட்டம் தள்ளட்டும். தள்ளப்பட்டவருக்கு அந்த முறை அடிக்க வாய்ப்பு கிடையாது.

வியாசை_விங்கர்

தள்ள இடமில்லாவிட்டால்? பூதத்தின் உடல் கிடக்கிறதே.

கல்மண்டபம்

அப்போது யாரும் நகர வேண்டாம், இருவருக்கும் முறை போகட்டும். தம்பி, ஞாயிற்றுக்கிழமைக்குள் இந்தப் பதிப்பை ஏற்றிவிடுங்கள். தங்கையிடம் கொடுப்பதற்கு முன் ஒற்றைச் சந்து வரைபடத்தில் இரண்டு காட்டேரியோடு நான் ஓட்டிப் பார்க்கிறேன்.